கார்த்திகையைப் பிடித்தால் வால்மீன் அகப்படும்: மொட்டை மாடியிலிருந்து முதல் படம்

"நாலாம் ஒளித்தர வால்மீன்" (இருட்டான வானில் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு பிரகாசம்) என்று செய்தியில் படித்ததும் மாடிக்கு ஓடி ஏமாந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த ஒளி புள்ளியாக இல்லாமல் பஞ்சு போலப் பரவியிருக்கும். சென்னையின் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சிக்காது, கேமராவுக்குச் சிக்கும். ஆனால் எங்கே திருப்புவது?

அதனால்தான் புதிதாக ஆரம்பிப்பவர்களிடம், வால்மீன் ஒரு நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் வரும் நாளுக்குக் காத்திருங்கள் என்பேன். 2018 டிசம்பர் நடுவில் 46பி விர்டனன் என்ற வால்மீன், கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கும் ரோகிணி நட்சத்திரத்துக்கும் இடையே போனது. கார்த்திகையை நகரத்திலும் கண்டுபிடித்துவிடலாமே!

இந்த உத்தி நம் ஊருக்குப் புதிதல்ல. 1872இல் நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் இருந்த வானியலாளர் போக்சனுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு தந்தி வந்தது: பீலா வால்மீனை இன்ன நட்சத்திரத்தருகே தேடு. தேடினார், ஒரு வால்மீன் கிடைத்தது. அது பீலா இல்லை என்று பின்னால் தெரிந்தது வேறு கதை.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஸ்டெல்லேரியம் செயலியில் சென்னை என்று கொடுத்து, வால்மீனின் பெயரைத் தேடி, கூட்டத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். நிலவில்லாத இரவாகப் பாருங்கள். ஜனவரி தொடக்கத்தில் இரவு 9 மணி வாக்கில் கார்த்திகை நமக்குத் தலைக்கு மேல், சற்றே வடக்கே நிற்கும். வானம் அங்கேதான் இருட்டு அதிகம். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ட்ரைபாடை வைத்தால் எதிர்வீட்டு விளக்கு தொந்தரவு செய்யாது.

அப்புறம் ஏசி. கோவளத்தில் ஒருமுறை ஏசி காரிலிருந்து கேமராவை நேராகக் கடற்காற்றில் எடுத்தேன். லென்ஸ் முழுக்கப் பனி, துடைக்கத் துடைக்க மறுபடியும் பனி. அரை மணி நேரம் வீண். இப்போதெல்லாம் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து முன்கூட்டியே வெளியே கொண்டுபோய்விடுகிறேன்.

ஃபோகஸில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, லைவ் வியூவில் (கேமராவின் திரையில் நேரடியாகத் தெரியும் காட்சி) ரோகிணியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஊசிமுனையாகும் வரை வளையத்தை மெல்லத் திருப்புங்கள். பிறகு ஒரு துண்டு டேப் ஒட்டி, அதைத் தொடாதீர்கள்.

50 மி.மீ. லென்ஸ் போதும். 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் (இங்கே 50) வகுத்து, சிறிய சென்சார் என்றால் மேலும் 1.6ஆல் வகுத்தால் சுமார் 6 விநாடி வரும். அதற்கு மேல் திறந்தால் நட்சத்திரம் கோடாகிவிடும். நான் 5 விநாடியில் நிற்பேன். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, சுருக்காத ரா (RAW) கோப்பு, கை அசைவு படாமலிருக்க 2 விநாடி டைமர். வானம் ஆரஞ்சாக வெளுத்தால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள்.

ஒரே படத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. 100 படம் எடுங்கள். கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க, லென்ஸை மூடி இன்னும் 20. எல்லாவற்றையும் டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற இலவச மென்பொருளில் அடுக்கினால் புள்ளி புள்ளியான இரைச்சல் அடங்கி, கார்த்திகையருகே பச்சையாக ஒரு திட்டு எழும்பும். இரட்டைக் கார்பன் மூலக்கூறு சூரிய ஒளியில் தரும் நிறம் அது.

திட்டு வால்மீன்தானா, லென்ஸ் கறையா என்று சந்தேகமா? மறுநாள் இரவும் அதே இடத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் மாறியிருந்தால் வால்மீன்.