லைர் வால் கில்லி மீன்: தொட்டி முதல் குஞ்சு வரை

காபோன் நாட்டுக் கடலோர மழைக்காடுகளில், வெயில் அதிகம் படாத சதுப்புகளிலும் சின்ன ஓடைகளிலும் வாழும், கில்லி என்ற சின்ன மீன் வகையைச் சேர்ந்த மீன் இது. அறிவியல் பெயர் அஃபியோசெமியான் ஆஸ்ட்ரேல். வளர்ந்தாலும் 5, 6 சென்டிமீட்டர்தான். ஆணுக்கு உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி, வாலின் இரு முனையும் வெள்ளையாக நீண்டிருக்கும். பெண் வெறும் பழுப்பு. கடையில் கிடைக்கும் ஆரஞ்சு மீனும் இதே இனம்தான். முதன்முதலாகக் கில்லி மீன் வளர்ப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

1. தொட்டி

ஒரு ஆண், இரண்டு பெண்ணுக்கு 20 லிட்டர் போதும். ஆண் விடாமல் துரத்தும், ஒரே பெண் என்றால் தாங்காது. ஒளிந்துகொள்ள ஜாவா மாஸ் (தொட்டியில் வளர்க்கும் நீர்ப்பாசி) நிறையப் போடுங்கள். மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், மங்கலான வெளிச்சம். மூடி கட்டாயம்! நன்றாகத் துள்ளும் மீன். வயர் நுழையும் இடுக்கைக்கூட அடைத்துவிடுங்கள்.

2. தண்ணீர்

21 முதல் 24 டிகிரி வரை. ஹீட்டரைவிட, கோடையில் சூடு ஏறாமல் பார்ப்பதுதான் முக்கியம். வீட்டுத் தண்ணீர் உப்பாக இருந்தால் ஆர்ஓ தண்ணீர் கலந்து மென்மையாக்குங்கள். காய்ந்த பாதாம் இலை ஒன்று போட்டால் தேநீர் நிறம் வரும், அது நல்லதுதான்.

3. தீனி

கொசுப்புழு, டாப்னியா (நீர்த்தெள்ளு), ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சின்ன இறால் போன்ற உயிரி). உயிர்த்தீனி நன்றாகக் கிடைத்தால்தான் முட்டையும் நன்றாக வரும்.

4. முட்டை

கரும்பச்சை அக்ரிலிக் நூலைக் குஞ்சமாகக் கட்டி, சாயம் போகக் கொதிக்கவைத்து, தொட்டியில் தொங்கவிடுங்கள். மீன்கள் நாள்தோறும் அதில் சில முட்டைகளை ஒட்டும். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை குஞ்சத்தைப் பிழிந்து வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள்: நூலிடையே கண்ணாடி மணிபோல, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே பெரிதாக இருக்கும். ஓடு கெட்டியானது, விரலாலேயே எடுக்கலாம். தொட்டித் தண்ணீர் ஊற்றிய சின்ன டப்பாவில் போட்டு, வெளிர்நீலம் வரும் அளவுக்கு மட்டும் மெத்திலீன் புளூ (பூஞ்சையைத் தடுக்கும் நீலச் சாயம்) விட்டு, இருட்டான இடத்தில் வையுங்கள். வெள்ளையாக மாறிய முட்டையை அன்றன்றைக்கே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை மற்றதற்கும் பரவும். ஒரு வாரம் போனதும் லென்ஸ் வைத்துப் பாருங்கள், உள்ளே இரண்டு கண் கறுப்பாகத் தெரியும். சுமார் இரண்டு வாரத்தில் பொரியும். கண் நன்றாகத் தெரிந்தும் பொரியவில்லையா? டப்பாத் தண்ணீரில் பாதியைப் புதிதாக மாற்றுங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

5. குஞ்சு

அன்றைக்கே முட்டையிலிருந்து பொரிந்து வந்த ஆர்ட்டீமியாவை உடனே தின்னும். தினம் இரண்டு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. வேகமாக வளர்வது மெதுவாக வளர்வதைத் தின்றுவிடும், அதனால் அவ்வப்போது அளவு பார்த்துப் பிரித்து வையுங்கள்.