வீட்டுப் பாதுகாப்பு ஷாட்கன்னுக்கு எந்த சைட்? கண்ணை மூடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

சைட் என்றால் குறி பார்க்க உதவும் கருவி. போன மாதம் என் ஷாட்கன்னின் ரெட் டாட்டை (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட்) கழற்றி, தாழ்வான மவுண்டில் (சைட்டைப் பிடித்து வைக்கும் தாங்கி) மறுபடி மாட்டினேன். இப்போது துப்பாக்கியைத் தோளில் வைத்ததும் சிவப்புப் புள்ளி கண் முன்னால் வந்து நிற்கிறது. அதற்கு முன் எட்டு மாதம், ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தேன். புதிதாக ஷாட்கன் வாங்கியவர்கள் அந்த எட்டு மாதத்தை இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் வேண்டிய தகுதிச் சான்று, 13-ஆம் பிரிவு (தற்காப்பு) லைசன்ஸ், சுவரோடு போல்ட் போட்ட சேஃப் எல்லாம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். அந்தப் பிரிவில் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்னுக்கு இடமில்லை. அதனால் பெரும்பாலும், முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப்தான் கையில் இருக்கும். என்னுடையது மாஸ்பெர்க் 500, 12 கேஜ், சோக் (குழல் நுனியில் வரும் குறுக்கம்) இல்லாத நேர்க்குழல்.

படி 1: டேப் எடுத்து வீட்டை அளங்கள்

டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் மிக நீளமான கோடு, படுக்கையறை வாசலிலிருந்து சமையலறைக் கதவு வரை. 7 மீட்டர். ரேஞ்சில் அதே 7 மீட்டரில் காகிதம் வைத்துச் சுட்டேன். ஒரு தோட்டாவிலிருந்த ஒன்பது குண்டுகளும் ஒரு சாசருக்குள் அடங்கின.

ஷாட்கன்னுக்குக் குறியே தேவையில்லை, அந்தப் பக்கம் திருப்பினால் போதும் என்று சொல்பவர்கள் இந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும். சாசர் அளவுதான் விரிகிறது. தப்பிய குண்டு உள்சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். தைப்பூசக் காவடிக்கு வந்த உறவினர்கள் எங்கள் வீட்டு ஹாலில் பாய் விரித்து வரிசையாகப் படுத்திருப்பார்கள். அந்தக் காட்சியை நினைத்துக்கொண்டுதான் நான் சைட் தேடவே ஆரம்பித்தேன்.

படி 2: இருட்டில் நின்று பாருங்கள்

லோட்ஷெடிங் (முறை வைத்து வரும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்த 2023-இல் தெருவிளக்கும் சேர்ந்து அணைந்துவிடும். அப்படி ஒரு ராத்திரியில் குழல் நுனியில் இருந்த பித்தளை பீட் (குறி பார்க்கும் சிறு குமிழ்) எனக்குத் தெரியவே இல்லை. பைபர் ஆப்டிக் சைட் இருட்டில் ஒளிரும் என்று பலர் நம்புகிறார்கள். ஒளிராது. அது சுற்றியுள்ள வெளிச்சத்தைச் சேர்த்துக் காட்டுகிற பிளாஸ்டிக் குச்சி, அவ்வளவுதான். வெளிச்சமில்லாமல் தானாக ஒளிர்வது டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு வைத்த சைட். அதற்கும் வயதாகும், 12 வருஷம் கொஞ்சம் தாண்டும்போது ஒளி பாதியாகிவிடும்.

ஆனால் எந்த சைட்டும் எதிரே நிற்பது யார் என்று சொல்லாது. அதைச் சொல்வது டார்ச். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் துப்பாக்கியில் ஒரு நல்ல லைட் மாட்டுங்கள். பழைய பீட்டை அப்படியே விடுங்கள். லைட் எரிந்தால், வெளிச்சம் விழுந்த சுவருக்கு எதிரே பீட் கறுப்பாகத் தெரியும். பாசேஜ் தூரத்துக்கு அது போதும்.

படி 3: கண்ணை மூடுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். அவசரப்படாமல் படியுங்கள்.

பீட் வைத்த ஷாட்கன்னில் பின் சைட் கிடையாது. உங்கள் கண்தான் பின் சைட். கன்னம் கட்டையில் (தோளில் வைக்கும் பின்பகுதியில்) எந்த உயரத்தில் பதிகிறதோ, அந்த உயரத்தில்தான் கண் நிற்கும். கண் கொஞ்சம் மேலே ஏறினால் குண்டும் மேலே போகும். துப்பாக்கி செய்கிறவர்கள் கட்டையின் உயரத்தை அந்த பீட்டுக்காகவே அமைத்திருக்கிறார்கள்.

நான் செய்தது என்ன? ரிசீவர் (துப்பாக்கியின் நடு உடல்) மேல் ஒரு ரெயில் (சைட் மாட்டும் உலோகப் பட்டை), அதன் மேல் ரைபிளுக்கான உயரமான மவுண்ட், அதன் மேல் ரெட் டாட். கண் இருக்க வேண்டிய இடம் மூன்று விரல் மேலே போய்விட்டது. புள்ளியைப் பார்க்கக் கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்க வேண்டியிருந்தது. தாடை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். 12 கேஜ் உதைக்கும்போது கட்டை கன்னத்தில் அடிக்கும், இரண்டாவது சுடுவதற்குள் புள்ளி காணாமல் போகும். ரெட் டாட்தான் மோசம் என்று நினைத்து விற்கப் போனேன்.

ரேஞ்சில் என் மாமா பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வரி: "மொதல்ல கன்னத்த ஒட்டுமா, அப்புறம் கண்ணத் தொற."

தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். சேம்பரும் மேகசின் குழாயும் (தோட்டா இருக்கும் இடங்கள்) காலியா என்று கண்ணால் ஒரு முறை, விரலால் ஒரு முறை பாருங்கள். பாதுகாப்பான சுவர்ப் பக்கம் நின்று, கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளில் வையுங்கள். கன்னம் வசதியாகப் பதிந்த பிறகு கண்ணைத் திறங்கள். சைட் கண்ணுக்கு நேரே நிற்கிறதா? பத்து முறை செய்யுங்கள். எட்டு முறையாவது நிற்கவில்லை என்றால், தாழ்வான மவுண்ட் வேண்டும், அல்லது கட்டையில் கன்னப் பட்டை வைத்து உயர்த்த வேண்டும். எனக்கு இரண்டும் தேவைப்பட்டது. நான் உயரம் குறைவு, கட்டையும் எனக்கு நீளம். கட்டையைக் குட்டையாக்கிய பிறகுதான் எல்லாம் சரியாக அமைந்தது.

படி 4: இப்போது தேர்ந்தெடுங்கள்

பீட்: மலிவு, உடையாது, பேட்டரி வேண்டாம். பயிற்சி செய்கிறவர்களுக்குப் போதும். பெரிய டிரிட்டியம் பீட் கிடைத்தால் இன்னும் நல்லது.

கோஸ்ட் ரிங்: கண்ணுக்கு அருகே ஒரு வளையம், நுனியில் ஒரு முள். வளையத்தைப் பார்க்கக் கூடாது, அதன் வழியாக முள்ளைப் பார்க்க வேண்டும். துல்லியமானது. ஆனால் இருட்டில் வளையத்துக்குள் கறுப்பைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ரெட் டாட்: என் தேர்வு இதுதான். இரண்டு கண்ணும் திறந்திருக்கலாம், பயத்தில் எதிரே பார்த்தபடியே குறி வைக்கலாம். புள்ளி 6 எம்ஓஏ (புள்ளியின் அளவைச் சொல்லும் கோண அலகு) அளவில் இருக்கட்டும். 10 மீட்டரில் அது பதினேழு, பதினெட்டு மில்லிமீட்டரைத்தான் மறைக்கும், சட்டென்று கண்ணில் படும். சேஃபுக்குள் கிடக்கிற துப்பாக்கிக்கு பட்டன் அமுக்கி ஆன் செய்கிற மாதிரி வேண்டாம். அசைத்ததும் தானாக எரியும் ஹோலோசன், அல்லது வருஷக்கணக்கில் அணைக்காமலே விடக்கூடிய ஏம்பாயிண்ட் மைக்ரோ. பேட்டரியைப் பொங்கலுக்குப் பொங்கல் மாற்றிவிடுங்கள், தேதி மறக்காது.

படி 5: மாட்டுவது

மாஸ்பெர்க் 500 ரிசீவரில் துளைகள் ஏற்கெனவே இருக்கும். பழைய ரெமிங்டன் 870 பலவற்றில் இருக்காது. துளை போடும் வேலையை லைசன்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் விடுங்கள். மாஸ்பெர்க் ரிசீவர் அலுமினியம், ஸ்க்ரூவை வெறியோடு முறுக்கினால் மரை போய்விடும். துளையிலிருக்கும் எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்து, நீல நிற திரெட்லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு வைத்து, டார்க் டிரைவரால் (முறுக்கும் விசையை அளந்து முறுக்கும் திருப்புளி) முறுக்குங்கள். ஸ்க்ரூ தலையிலிருந்து மவுண்ட் வரை பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். உதையில் ஸ்க்ரூ தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். கடைசியாக, டம்மி தோட்டா போட்டு பம்பை இழுத்துப் பாருங்கள். ஸ்க்ரூ நீளமாக இருந்தால் உள்ளே முன்னும் பின்னும் நகரும் போல்ட்டில் இடிக்கும்.

படி 6: ரேஞ்ச்

வீட்டில் வைத்திருக்கப் போகிற அதே தோட்டாவால் 15 மீட்டரில் மூன்று முறை சுட்டு, குண்டுக் கூட்டத்தின் நடுவுக்குப் புள்ளியைக் கொண்டுவாருங்கள். பிறகு 3 மீட்டரில் ஒன்று. சைட் குழலுக்கு மேலே இருப்பதால், கிட்டத்தில் சில சென்டிமீட்டர் கீழே படும். அதைக் காகிதத்தில் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: டர்பன் பீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார்: புள்ளி வட்டமாகத் தெரியவில்லை, மத்தாப்பு மாதிரி சிதறுகிறது, சைட் பழுதா? செல்போன் கேமராவால் அதைப் பாருங்கள். கேமராவில் வட்டமாக இருந்தால் சைட்டில் குறையில்லை, கண்ணில் அஸ்டிக்மாட்டிசம் (கருவிழி வளைவில் வரும் பார்வைக் குறை) இருக்கலாம். கண்ணாடி போட்டுப் பாருங்கள், புள்ளியின் வெளிச்சத்தையும் ஒரு படி குறையுங்கள். அவருக்கு அது போதவில்லை. பெரிய பீட்டுக்கு மாறிவிட்டார், நல்ல முடிவு.

இன்னொன்று: டர்பன் கடல் ஈரத்தில் இரண்டு பேருக்கு பேட்டரி மூடியில் துரு பிடித்திருக்கிறது. சேஃபுக்குள் சிலிக்கா ஜெல் வையுங்கள், மூடியின் ரப்பர் வளையத்தில் சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள்.