'லாஸ்ட்' தொடரின் இறுதிப் பருவத்தைப் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2004 செப்டம்பர் 22 அன்று தொடங்கி 2010 மே 23 அன்று நிறைவுற்ற, விமான விபத்தில் மர்மத் தீவொன்றில் சிக்கியவர்களின் கதையான 'லாஸ்ட்' தொடரை இப்போது பார்த்துவந்து, ஆறாம் பருவத்தை எட்டியிருப்பவர்கள், மேலே செல்லும் முன் தங்கள் ஐயங்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. தீவு, கரும்புகை, 4, 8, 15, 16, 23, 42 என்னும் எண்கள் ஆகிய புதிர்களை ஒரு பக்கத்திலும், ஜாக், லாக், பென் ஆகியோரின் கதி என்ன என்ற கேள்விகளை மறுபக்கத்திலும் எழுதுங்கள். இறுதி அத்தியாயம் தாராளமாக விடை சொல்வது மறுபக்கத்துக்குத்தான். புதிர்களில் சில கடைசிவரை அப்படியே கிடக்கும்.

கதை போகிற போக்கில் எழுதப்பட்டதோ என்ற சந்தேகம் அன்றைய ரசிகர்களுக்கும் இருந்தது. முன்பாதியில் இழுவை உண்டு என்பதற்கு மூன்றாம் பருவத்தில் ஜாக் பச்சைகுத்திக்கொண்ட கதையே சாட்சி. ஆனால், தொடர் 2010இல் முடியும் என 2007 மே மாதத்திலேயே அறிவிக்கப்பட்டுவிட்டதால், பின்பாதி முடிவை நோக்கியே நகர்கிறது.

விமானம் விழாமலே லாஸ் ஏஞ்சலிஸ் சென்றடையும் இணைக்கதைக்கு அவசரப்பட்டு விளக்கம் கற்பிக்க வேண்டாம். இறுதியில் தந்தையும் மகனும் பேசும் காட்சியைக் கைப்பேசியை எட்ட வைத்துவிட்டுக் கேளுங்கள். 'எல்லோரும் முதலிலேயே இறந்துவிட்டார்கள்' என்ற தவறான முடிவுக்குப் பலர் வந்தது அதைச் சரியாகக் கேட்காததால்தான் என்பேன். பெயர்ப்பட்டியலின்போது வரும் விமானச் சிதைவுப் படங்களும் தொலைக்காட்சி நிறுவனம் சேர்த்தவையே. அவை கதையின் பகுதியல்ல.

அந்தத் தீவில் பனிக்கரடிகள் எப்படி வந்தன என்ற கேள்வி இன்னும் உறுத்தினால், டிவிடியில் வெளியான ஏறத்தாழ 12 நிமிடப் பின்னுரைப் படத்தைத் தேடிப் பாருங்கள்.