ரூம் பாய்க்கு சந்தோசம் (டிப்ஸ்) வைப்பது எப்படி?

நுவரெலியாவில் இரண்டு இரவு தங்குகிறோம். சாப்பாடு பரிமாறிய தம்பிக்கு 500 கொடுக்கிறோம், பெட்டி தூக்கியவருக்கு 200 கொடுக்கிறோம், அறையைக் கூட்டிப் படுக்கை விரித்த ரூம் பாயை மட்டும் மறந்துவிட்டு வேனில் ஏறிவிடுகிறோம். அவரைக் கண்ணால் பார்த்திருந்தால்தானே ஞாபகம் வரும்! நாம் கிரகரி வாவியில் படகு ஓடும் நேரத்தில்தான் அவர் அறைக்குள் வந்து போகிறார்.

பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 சதவீதம் வட் வரி என்று பார்த்ததும் எல்லாம் இதிலேயே போய்விட்டது என்று தோன்றும். வட் அரசாங்கத்துக்குப் போகிறது. சேவைக் கட்டணம் ஹோட்டல் கணக்கில் சேர்ந்து, பிறகுதான் ஊழியர்களுக்குப் பங்காகும். உங்கள் அறையைக் கூட்டியவர் கைக்கு நேராகப் போவது நீங்கள் வைக்கிற சந்தோசம்தான்.

எவ்வளவு வைப்பது? என் கணக்கு, சாதாரண ஹோட்டலுக்கு ஒரு இரவுக்கு 300, பெரிய ஹோட்டல் என்றால் 500. பிள்ளைகள் கம்பளியில் மைலோ கொட்டியிருந்தால் மேலே இன்னொரு 500 வையுங்கள், ஜூன், ஜூலை மழையில் அங்கே ஒரு கம்பளி காய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஏப்ரல் சீசனிலும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம், நாம் வருஷப் பிறப்புக்கு ஊர் சுற்ற வரும்போது அவர்கள் வீட்டுக்குப் போகாமல் நமக்காக வேலை செய்கிறார்கள்.

கடைசி நாளில் மொத்தமாக வைக்காதீர்கள். ஷிப்ட் மாறும், இரண்டு நாள் குனிந்து நிமிர்ந்தவர் ஒருவர், காசு எடுப்பவர் வேறொருவர் என்றாகிவிடும். தினமும் காலையில் வெளியே போகும்போதே வையுங்கள், அதற்கு 100 ரூபாய்த் தாள்கள் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றி வைத்திருப்பது நல்லது.

அப்புறம், அது அவருக்கான காசு என்று தெரிய வேண்டும். ஒருமுறை நான் மேசையில் 1000 ரூபாயைச் சும்மா வைத்துவிட்டு வந்துவிட்டேன், நானுஓயா ஸ்டேஷனில் நிற்கும்போது ஹோட்டலிலிருந்து கோல், ‘சேர், காசை மறந்து விட்டுட்டுப் போய்ட்டீங்க’ என்று! எடுத்தால் திருட்டுப் பட்டம் வருமோ என்ற பயம் அவர்களுக்கு. அதனால் தலையணை மேல் ஒரு துண்டுக் கடதாசியில் ‘ரூம் சுத்தம் செய்பவருக்கு, நன்றி’ என்று எழுதி, அதோடு காசை வையுங்கள். தமிழில் எழுதினாலே போதும், அந்தப் பக்கத்து ஹோட்டல்களில் வேலை செய்கிற நிறையப் பேர் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள்தான். ஆனால் காசுத் தாளிலேயே எழுதிவிடாதீர்கள், அது சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் யூரோ, பவுண் சில்லறைக் குற்றிகளை வைக்க வேண்டாம், இங்கே வங்கிகளில் பொதுவாக அவற்றை மாற்ற முடியாது.

நேரில் ஆளைக் கண்டால் கடதாசி எதற்கு, ‘தம்பி, இதை வச்சுக்கங்க’ என்று கையில் கொடுங்கள். எல்ல ஊர்ப் பக்கம் வீட்டோடு சேர்ந்த சின்ன அறைகளில் முதலாளியம்மாவே கூட்டிப் பெருக்குவார், அவருக்குக் காசு நீட்டினால் சங்கடப்படுவார். தேயிலைத் தோட்டத்து பங்களா என்றால் புறப்படும்போது சமையல்காரரும் மற்றவர்களும் நிற்கும்போதே அப்புவிடம் (பங்களா வேலையாட்களில் மூத்தவர்) கொடுத்து, எல்லாருக்கும் சேர்த்து என்று சொல்லிவிடுங்கள்.