அகச்சிவப்புக் கேமராவை மனிதர்கள் பக்கம் திருப்பும்முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அகச்சிவப்பில், அதாவது சிவப்பைத் தாண்டிய, கண்ணுக்குத் தெரியாத ஒளியில், படம் எடுப்பவர்களில் பலர் மரங்களில் பழகியவர்கள். இலைகள் வெண்பனிபோல் மாறும், வானம் கறுக்கும். அந்த அழகில் மயங்கிய கையோடு, பயணத்தில் சந்திக்கும் மனிதர்களையும் அப்படியே எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

தோல் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளாமல் எடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அலைநீளம் 700 நானோமீட்டரைத் தாண்டிய இந்த ஒளியை, தோலுக்கு நிறம் தரும் மெலனின் குறைவாகவே உறிஞ்சுகிறது. அந்த ஒளி தோலுக்குள் சில மில்லிமீட்டர் புகுந்து, சிதறி, வெளியே வருகிறது. ஆகவே கறுத்த மேனியும் சிவந்த மேனியும் கிட்டத்தட்ட ஒரே மெழுகுப் பூச்சுக்கு வந்துவிடுகின்றன. உதடுகள் கன்னத்தோடு கரைந்துபோகும். மணிக்கட்டின் உட்பக்கம் நரம்புகள் கருங்கோடுகளாக எழும். கரி மையில் குத்திய பச்சை அப்படியே நிற்கும். வண்ண மைகள் பல மங்கிவிடும். ஒரு சமூகத்தாரின் நிறத்தையே துடைத்துவிட்ட படத்தை, எந்த விளக்கமும் இல்லாமல் அவர்களுடைய அடையாளமாகப் பிறருக்குக் காட்டுவது நேர்மை ஆகாது. இது அகச்சிவப்புப் படம் என்ற குறிப்பைப் படத்தின் அடியிலேயே எழுதுங்கள். அதே இடத்தில் சாதாரண கேமராவிலும் ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

உடையும் இப்படித்தான் ஏமாற்றும். துணிச் சாயங்கள் பல இந்த ஒளியை உறிஞ்சுவதில்லை. துக்கத்துக்கு உடுத்திய கறுப்பு, படத்தில் வெளிர் சாம்பலாகவோ வெள்ளையாகவோ வரலாம். கொண்டாட்டத்துக்கு உடுத்திய சிவப்பும் அதே வெள்ளையாகலாம். நிறத்துக்குப் பொருள் உள்ள சடங்கை இப்படி எடுத்தால், பார்ப்பவர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார். அத்தகைய இடங்களில் இந்தக் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவதே சரி என்பது என் எண்ணம்.

மெல்லிய துணியும் நனைந்த துணியும் இன்னும் ஆபத்தானவை. சில துணிகள் அகச்சிவப்பில் ஓரளவு ஊடுருவித் தெரியும். 1998இல் சோனி, இருட்டிலும் அகச்சிவப்பில் படமெடுக்கும் நைட்ஷாட் வசதி கொண்ட தன் வீடியோ கேமராக்களை இந்தப் புகாருக்குப் பிறகு மாற்றியமைக்க வேண்டியிருந்தது. 2020இல் ஒன்பிளஸ் 8 ப்ரோ கைப்பேசியின் ஒரு வண்ண ஃபில்டர் மீதும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. நீர்நிலையில் குளிப்பவர்களை, மழையில் நனைந்தவர்களை, குழந்தைகளை இந்த ஒளியில் எடுக்கவே வேண்டாம். மற்ற படங்களையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் யாருக்கும் அனுப்ப வேண்டும். ஐயம் வந்தால் அழித்துவிடுங்கள்.

அனுமதி கேட்பதிலும் ஒரு குறை நேர்கிறது. ‘படம் எடுக்கலாமா’ என்று கேட்கிறோம். அவர் மனத்தில் இருப்பது வழக்கமான படம். என்ன வரப்போகிறது என்று தெரியாமல் சொன்ன சம்மதம் பாதிச் சம்மதம்தான். உங்கள் கையையே படமெடுத்து, திரையில் அவருக்குக் காட்டுங்கள். வெளுத்த விரல்களையும் கறுத்த நரம்புகளையும் பார்த்தபின் அவர் சம்மதித்தால் எடுங்கள். உடல் வெப்பத்தைக் காட்டும் கேமரா என்று சிலர் அஞ்சக்கூடும். அது பன்மடங்கு நீண்ட அலைகளைப் பிடிக்கும் வேறு கருவி என்று எளிமையாகச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஃபிளாஷை இருட்டில் பயன்படுத்துவதை அறவே விடுங்கள். 1940களில் நியூயார்க் திரையரங்குகளின் இருளில், வீஜி என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் பார்வையாளர்களை அவர்கள் அறியாமலே இவ்வாறு எடுத்தார். படங்கள் புகழ்பெற்றன; அவற்றில் இருப்பவர்களை யாரும் கேட்கவில்லை.

கருவி சார்ந்த பிழைகள் எளிதில் திருத்தக்கூடியவை. சாதாரண கேமராவின் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. அந்தக் கேமராவின் லென்ஸில், அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் 720 நானோமீட்டர் ஃபில்டரை மாட்டினால், நல்ல வெயிலிலும் ஷட்டர் பல நொடிகள் திறந்திருக்க வேண்டிவரும். மரம் அசையாமல் நிற்கலாம். பேசிக்கொண்டிருப்பவர் ஆவிபோல் கலங்கிப்போவார். மனிதர்களை எடுக்க, அந்தக் கண்ணாடியை நீக்கி மாற்றியமைத்த கேமராதான் வேண்டும். பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவில், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியே ஃபோகஸ் செய்தால் கண்கள் தெளிவிழக்கும், ஏனெனில் இந்த ஒளி குவியும் இடம் சற்றுத் தள்ளி இருக்கிறது. திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். சில லென்ஸ்களில் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் விழும். நடுவில் முகம் இருந்தால் படம் போயிற்று. லென்ஸின் ஒளித்துளையைச் சிறிதாக்கும்போது இது கூடுவதால், புறப்படும்முன் எல்லா அளவுகளிலும் சோதித்துப் பாருங்கள்.

நிலக்காட்சிக்குச் செய்வதுபோல் எடுத்த படத்தில் சிவப்பு, நீல வண்ணங்களைக் கணினியில் இடம் மாற்றினால் முகங்களில் நோயாளிபோன்ற சாயல் ஏறலாம். முகங்களுக்குக் கறுப்பு வெள்ளையே ஏற்றது. வீட்டுக்குள் எடுக்கிறீர்கள் என்றால் விளக்கைக் கவனியுங்கள்: எல்.இ.டி. விளக்கில் அகச்சிவப்பு மிகக் குறைவு, எவ்வளவு பிரகாசமாகத் தெரிந்தாலும் படம் இருண்டே வரும். அவருக்கு விருப்பமென்றால் வெயில் விழும் சன்னல் அருகே உட்காரச் சொல்லுங்கள். அல்லது அடுப்புத் தீயின் வெளிச்சத்தில் எடுங்கள், அதில் அகச்சிவப்பு தாராளமாக இருக்கிறது.