வெளிநாட்டுக் குழுவோடு தேயிலைக் கழிவுநீர் ஆய்வு: முதலில் அளவுகோலை ஒன்றாக்குங்கள்

குன்னூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் லேபில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரியின் கழுவுநீரைச் சுத்திகரிக்க, நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து முயன்று வருகிறோம். ஓசோன், ஃபென்டன் (இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்துக் கழிவைச் சிதைக்கும் முறை) என்று முதல் நாளே பெரிய பேச்சில் இறங்கினோம். ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் எண்ணும் எங்கள் எண்ணும் ஒட்டவே இல்லை. அந்த ஐந்து மாதம் உங்களுக்கும் போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதல் வீடியோ பேச்சிலேயே ‘பிஓடி’ (தண்ணீரிலுள்ள கழிவை நுண்ணுயிர் தின்னச் செலவாகும் ஆக்சிஜன்) என்றால் எந்த முறையில் அளந்தது என்று கேட்டுவிடுங்கள். நம் ஊரில் 27 டிகிரியில் 3 நாள். ஐரோப்பாவில் 20 டிகிரியில் 5 நாள். வீட்டுச் சாக்கடை நீருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும். தேயிலைத் தண்ணீரில் நுண்ணுயிர் சீக்கிரம் தின்னாத டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருப்பதால் அதை நம்பி உட்காரக் கூடாது. ஒரே சாம்பிளை இரண்டு முறையிலும் வைத்துப் பாருங்கள். நாங்கள் ஏட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போட்டுவிட்டோம்.

அடுத்தது நம் மலை. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், இங்கே 7.2 அளவில்தான். பிஓடி பாட்டிலில் லிட்டருக்குக் குறைந்தது 2 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகி, கடைசியில் 1 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். கையிருப்பே குறைவு என்பதால் சாம்பிளை இன்னும் கொஞ்சம் அதிகமாக நீர்த்து வையுங்கள். கடலோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தானாகத் தோன்றாது, நாம்தான் சொல்ல வேண்டும். பின்னால் காற்றூட்டும் தொட்டி வரைபடம் வந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். இந்த உயரத்துக்கு புளோயர் பெரிதாக வேண்டும்.

சிஓடிக்கு (கழிவை ரசாயனத்தால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) மூடிய குழாயில் 150 டிகிரியில் 2 மணி நேரம் வைக்கும் முறையே மலைக்கு நல்லது. திறந்த குடுவையில் கொதிக்கவைத்தால் இங்கே கொதிநிலையே குறைந்துவிடும்.

சரி, இரண்டு லேபும் ஒத்துப்போகிறதா என்று எப்படிப் பார்ப்பது? கழிவுநீரை விமானத்தில் அனுப்பப் பார்க்காதீர்கள். அமிலம் சேர்த்த சாம்பிளை ஆபத்தான சரக்கு என்று நிறுத்திவிடலாம். சேர்க்காவிட்டால் வழியிலேயே மாறிவிடும். உலர்ந்த பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் 425 மில்லிகிராமை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் சிஓடி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வர வேண்டும். அவர்கள் அங்கே, நாம் இங்கே, ஒரே வாரத்தில் செய்து எண்ணைப் பரிமாறுங்கள். அது ஒட்டுகிற வரை ஓசோன் பேச்சு வேண்டாம்.

அப்புறம் சாம்பிள். அரைப்பு முடிந்து, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலரும் தரையும் கழுவும்போதுதான் அடர்ந்த பழுப்புத் தண்ணீர் வரும். அந்த நேரத்தை, ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கரிடம் கேளுங்கள். எங்கள் டீ மேக்கர் அண்ணன் கைகாட்டிய பிறகே எங்களுக்குச் சரியான தண்ணீர் கிடைத்தது. கழுவத் தொடங்கியதிலிருந்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, அப்போதைய ஓட்டத்துக்கு ஏற்ற அளவில் கலக்குங்கள். சிஓடி பாட்டிலில் கந்தக அமிலம் விட்டு பிஎச் 2க்குக் கீழே கொண்டுவாருங்கள். பிஓடி பாட்டிலில் எதுவும் விடாமல் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே தொடங்குங்கள்.

ஃபென்டன் முயல்வதானால் இரண்டு விஷயம். இரும்பு உப்பைப் போட்டதும் தண்ணீர் மை மாதிரி கறுக்கும். டானினும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது மிச்சமிருக்கும் பெராக்சைடுக்கு. அது 1 மில்லிகிராம் இருந்தால் சிஓடியில் சுமார் 0.47 மில்லிகிராம் கூடுதலாகக் காட்டும். நன்றாக வேலை செய்த சோதனைகளைத் தோல்வி என்று நாங்கள் ஒதுக்கியது இதனால்தான். பிஎச்சை ஏற்றி, காத்திருந்து, பெராக்சைடு தாளில் பார்த்து, அதன் பிறகே சிஓடி வையுங்கள்.

தொட்டிச் சேற்றில் நல்ல நுண்ணுயிர் கிடைத்தது, அனுப்புங்கள் என்று அவர்கள் கேட்பார்கள். உடனே அனுப்பிவிடாதீர்கள். நுண்ணுயிரும் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்துக்குள் வரும். சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் அனுமதி தேவையா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். வளர்ப்பும் மரபணுச் சோதனையும் இங்கேயே செய்ய முடிந்தால் இன்னும் நல்லது, நம் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

பகிரும் ஏட்டில் ஃபேக்டரி பெயர் வேண்டாம், ஓர் எண் போதும். முடிவு வந்ததும் கட்டுரைக்கு முன்னால் ஒரு பக்கத் தாளைத் தமிழில் எழுதி டீ மேக்கரிடம் கொடுங்கள்: ஒரு நாள் கழுவுநீர் எத்தனை லிட்டர், அதற்கு எவ்வளவு ரசாயனம், என்ன செலவு, எவ்வளவு இரும்புச் சேறு மிஞ்சும், அதை எங்கே கொண்டுபோவது. அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கள் தாளில் இன்னும் இடம் காலியாக இருக்கிறது. இந்தப் பருவத்தில் அதைத்தான் நெதர்லாந்துக் குழுவோடு உட்கார்ந்து பார்க்கிறோம்.