பழைய ஜீப்புக்கு டிஸ்க் பிரேக்: குழாய் முனைகளைப் பொருத்தும் முறை

வில்லிஸ் வழிவந்த பழைய மஹிந்திரா ஜீப்பில் முன்பக்க டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்ட விரும்புவோர், காலிப்பரை (டிஸ்க்கை இருபுறமும் பிடித்து நிறுத்தும் பகுதி) தேடி, வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு ஜே.சி. சாலையில் பல நாள் அலைந்துவிட்டு, பிரேக் குழாயின் முனையைக் கடைசி நாள் வேலையாக ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் வேலை முடங்குவது பெரும்பாலும் அங்கேதான். பழைய குழாயின் நட் அங்குல மரை (திருகுப் புரி) கொண்டது. புதிதாக வாங்கும் காலிப்பரும் ஹோஸும் (வளையும் ரப்பர் குழாய்) பெரும்பாலும் மில்லிமீட்டர் மரை கொண்டவை.

3/16 அங்குலக் குழாய்க்கு வழக்கமாக வரும் அங்குல நட் 3/8 அங்குல, அதாவது 9.525 மி.மீ., விட்டமும் அங்குலத்துக்கு 24 புரியும் உடையது. மில்லிமீட்டர் நட்டுக்கு விட்டம் 10 மி.மீ., புரி இடைவெளி 1 மி.மீ. அங்குல நட்டின் புரி இடைவெளி 1.058 மி.மீ. என்பதால், அதை மில்லிமீட்டர்த் துளையில் விட்டால் கையாலேயே ஏறிவிடும், இறுகுவது போலவும் தோன்றும். மரை அரைகுறையாகவே பற்றியிருக்கும் என்பது மிதியை ஓங்கி அழுத்தும்போதுதான் தெரியவரும். "எல்லாம் ஒரே சைஸ்தான் சார்" என்று கடைக்காரர் கொடுத்த நட்டை நம்பி நானும் ஒருமுறை ஏமாந்ததால், இப்போது விட்டம் அளக்கும் வெர்னியரும் புரி இடைவெளி பார்க்கும் மரை கேஜும் இல்லாமல் கடைக்குப் போவதில்லை.

மரை பொருந்தினாலும் பாதி வேலைதான் முடிந்தது. பிரேக் ஆயிலை அடைத்து நிறுத்துவது மரையன்று, குழாயின் விரிந்த முனை (ஃபிளேர்) துளையின் அடியில் அமரும் இடம். மரையில் டெஃப்லான் நாடா சுற்றுவதால் பயனில்லை என்பதும் இதனால்தான். டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். நடுவில் கூம்பு மேல்நோக்கி நின்றால் அதற்கு டபுள் ஃபிளேர் (விளிம்பை உள்ளே மடித்து இரட்டையாக்கிய புனல் முனை) வேண்டும்; புனல் போல உட்குழிந்திருந்தால் பபிள் ஃபிளேர் (குமிழ் போல உப்பிய முனை) வேண்டும். மில்லிமீட்டர் மரை என்றாலே பபிள் என்று எண்ணிவிடக் கூடாது, ஏனெனில் ஜப்பானிய வழி வண்டிகளில் 10 மி.மீ. நட்டுடன் டபுள் ஃபிளேரே வழக்கம்.

இரு முனைகளும் வேறுபடும்போது, ஒரு மரையை இன்னொன்றாக மாற்றித் தரும் அடாப்டர் வாங்குவதே எளிது என்று தோன்றும். என் கருத்தில் அது இரண்டாம் வழி: ஒவ்வோர் அடாப்டரும் கசிவதற்கு இன்னோர் இடம். 4.75 மி.மீ. குழாயும் 3/16 அங்குலக் குழாயும் நடைமுறையில் ஒன்றே ஆகையால், புதிய குழாயை வெட்டி, ஒரு முனையில் அங்குல நட்டும் மறுமுனையில் மில்லிமீட்டர் நட்டும் கோத்து, அந்தந்தத் துளைக்கேற்ற ஃபிளேர் போடுவதே நல்லது. நட்டைக் கோத்த பிறகே ஃபிளேர் போட வேண்டும். இதை மறந்து குழாயை மறுபடி வெட்டாதவர் அரிது. எஃகுக் குழாய் அல்லது செம்பு-நிக்கல் குழாய் மட்டுமே ஏற்றது. ஏ.சி. மெக்கானிக்கின் கருவி செம்புக் குழாயில் போடும் ஒற்றை மடிப்பு, பிரேக்கின் அழுத்தத்தில் வெடித்துவிடக்கூடும். ஃபிளேர் இல்லாமல் வளையத்தை இறுக்கிக் குழாயைப் பிடிக்கும் கம்ப்ரெஷன் இணைப்பையும் இங்கே பயன்படுத்தலாகாது.

காலிப்பரில் பான்ஜோ போல்ட் (ஆயில் செல்ல உள்ளே துளையுள்ள போல்ட்) இருந்தால், ஹோஸ் முனை வளையத்தின் இரு பக்கமும் புதிய செம்பு வாஷர் போடுங்கள். ஹோஸின் நீளத்தை, சக்கரம் முழுதும் கீழே தொங்கும் நிலையிலும் ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பியும் சோதிக்க வேண்டும். மேடு பள்ளத்தில் ஓடும் வண்டிக்கு இது இன்றியமையாதது. டிரம்முக்கென மாஸ்டர் சிலிண்டரிலோ (மிதியை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் உருளை) குழாயிலோ 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை மிச்சம் வைக்கும் வால்வு இருந்தால், டிஸ்க் பக்கத்தில் அதை நீக்கவோ 2 பி.எஸ்.ஐ. வால்வாக மாற்றவோ வேண்டும், இல்லையேல் காலிப்பரின் பேடு டிஸ்கில் உராய்ந்துகொண்டே இருக்கும்.

பிறகு குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலை: மாஸ்டர் சிலிண்டர் வலப்புறம் உள்ள நம் வண்டிகளில் இடது பின் சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வர வேண்டும். முடிந்ததும் ஒருவர் மிதியை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பார்க்க வேண்டும். காகிதம் நனைந்தால் நட்டை மேலும் முறுக்காமல், கழற்றி ஃபிளேரைப் பாருங்கள்.